கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயம்: கல்லைப் பார்த்தே காலத்தைப் பிரிப்பது எப்படி?

வடக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு 1446 முதல் 1515 வரை என்று எல்லாக் கையேடுகளும் ஒரே வரியில் காலம் போட்டுவிடுகின்றன. கிட்டத்தட்ட எழுபது வருடம். அதில் வேலை நடந்த ஆண்டுகள் எவை, சும்மா கிடந்த ஆண்டுகள் எவை என்பது கட்டடத்திலேயே தெரிகிறதாம். அதை எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

தெளிவான படங்களை வைத்துக்கொண்டு கேட்கிறேன். சுவரின் அடிப்பகுதி வெள்ளையாகவும் மேற்பகுதி மங்கிய மஞ்சளாகவும் இருப்பது ஏன்? உள்ளே கிழக்குப் பாதியில் சுவர் வெறுமையாக இருக்க, மேற்குப் பாதியில் மட்டும் ரோஜாவும் கிரீடமும் விலங்குகளும் நெருக்கியடித்து நிற்பது ஏன்? அந்தப் புகழ்பெற்ற விசிறி வளைவுக் கூரை (விலா எனப்படும் கல்வரிகள் தூணிலிருந்து விசிறிபோல் விரியும் கல் உட்கூரை) முதல் வரைபடத்திலேயே இருந்ததா? கடைசியாக, சிற்றாலயத்தை ஒட்டாமல் தனியாக நிற்கும் கிப்ஸ் கட்டடம் ஏன் இவ்வளவு வேறு மாதிரி இருக்கிறது?

கல்தச்சு

முதல் கேள்விக்கு வருகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

அடியில் உள்ள வெள்ளைக் கல், யார்க்‌ஷயரில் டாட்காஸ்டர் சுற்றுவட்டாரக் குவாரிகளின் மக்னீசியச் சுண்ணாம்புக்கல். கல்லூரியை நிறுவிய அரசர் ஆறாம் ஹென்றியின் பணத்தில் வந்தது. கேம்பிரிட்ஜைச் சுற்றி நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது மெத்தென்ற சுண்ணக்கட்டி. உள்வேலைக்கு ஆகும், மழைக்கு நிற்காது. ஆகவே கல் நீர்வழியில் வந்தது: வார்ஃப் ஆறு, யார்க்‌ஷயர் ஊஸ், ஹம்பர் முகத்துவாரம், கடலில் தெற்கே இறங்கி லின் துறைமுகம், அங்கிருந்து பெரிய ஊஸ், கேம். அரசரின் பணமும் படகுகளும் இருக்கும்வரை இது ஓடும். அரசர் போனால் நின்றுவிடும்.

மேலே இருக்கும் மஞ்சள் சாயல் கல் பெரும்பாலும் நார்த்தாம்ப்டன்ஷயர் வெல்டன் குவாரியுடையது. இது ஊலைட் வகை. கிட்டே போய்ப் பார்த்தால் மீன்முட்டை போன்ற சிறு உருண்டைகள் சேர்ந்து இறுகியிருப்பது தெரியும். டாட்காஸ்டர் கல்லில் அந்த உருண்டை அமைப்பு கண்ணுக்குப் படாது. நெருங்கிய மணி, வெண்மை. இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. வெளிச்சுவரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிற்காலப் பழுதுபார்ப்பில் மாற்றிய கற்கள் வெளியே நிறைய உண்டு. குவித்து வைத்திருந்த பழைய வெள்ளைக் கல்லைப் பிற்காலத்தவர் எடுத்து மேல்வரிசையில் வைத்திருக்கவும் கூடும். உள்ளே பாருங்கள், ஒரு கல்லைப் பார்க்காமல் நாலைந்து தூண்களை வரிசையாகப் பாருங்கள். நிறம் மாறும் மட்டம் தூணுக்குத் தூண் தொடர்ந்து ஓடினால்தான் அது கட்டுமானத்தின் எல்லை. ஒரே இடத்தில் திட்டாகத் தெரிந்தால் அது ஒட்டு.

பழங்கணக்கு

கல்தச்சு ஐயா சொன்னதோடு ஆண்டுகளைச் சேர்த்துப் படித்தால் இன்னும் தெளிவாகும்.

கல்லூரி தொடங்கியது 1441இல். முதலில் ஒரு தலைவரும் 12 மாணவர்களும் என்ற சிறிய திட்டம். அதற்கான முற்றம் இப்போதைய சிற்றாலயத்துக்கு வடக்கே எழுந்தது. பிறகு ஈட்டன் பள்ளியோடு இணைத்து 70 மாணவர்கள் என்று அரசர் திட்டத்தைப் பெருக்கினார். அதற்காக நகரத்தின் நடுவில் வீடுகளையும் சந்துகளையும் ஒரு பங்குக் கோவிலையும் வாங்கி இடித்து இடம் எடுத்தார்கள். சிற்றாலயத்தின் முதல் கல் 1446 ஜூலை 25 அன்று வைக்கப்பட்டது. 1448இல் அரசர் தன் விருப்பத்தை அளவுகளோடு எழுதிவைத்தார்: நீளம் 288 அடி, அகலம் 40 அடி. இன்று அளந்தால் நீளம் 289 அடி வருகிறது. எழுபது வருடமும் நான்கு அரசர்களும் கடந்த பின் ஒரு அடி வித்தியாசம்!

1461இல் ஆறாம் ஹென்றியை வீழ்த்தி நான்காம் எட்வர்ட் ஆட்சிக்கு வந்தார். பணம் நின்றது, தலைமைக் கல்தச்சர் ரெஜினால்ட் ஈலியின் காலமும் அத்தோடு முடிந்தது. 1470களின் நடுவிலிருந்து எட்வர்ட் கொஞ்சம் கொடுத்தார். மூன்றாம் ரிச்சர்ட் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி ஆணையிட்டார். 1485இல் அவர் போரில் இறந்தபோது, கிழக்கிலிருந்து ஆறு அங்கணங்கள் (அடுத்தடுத்த இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) முழு உயரத்துக்கு வந்திருந்தன. அவற்றில் ஐந்துக்கு ஓக் மரக்கூரையும் ஈயத் தகடும் போட்டு வழிபாடே நடந்துகொண்டிருந்தது. மீண்டும் இடைவெளி. 1506இல் ஏழாம் ஹென்றி தாயாருடன் வந்து பார்த்தார். 1508இல் வேலை தொடங்கியது. அவர் அனுப்பிய பணம் வந்த இரும்புப்பட்டைப் பெட்டி இன்னும் சிற்றாலயத்தில் இருக்கிறது. கல்வேலை 1515இல் முடிந்தது.

ஆக 1446–1461, 1476–1485, 1508–1515 என்று மூன்று வேலைக்காலங்கள். கூட்டினால் முப்பது வருடத்துக்குச் சற்று மேல். மீதி எல்லாம் காத்திருப்பு. 1446–1515 என்று ஒரே மூச்சில் எழுதுவதை நிறுத்த வேண்டும்.

வடக்குவாசல்

அருமை. ஒரு துணைக் கேள்வி. வெள்ளைக் கல்லின் மேல்மட்டம் ஒரே நேர்கோட்டில் இல்லையே? கிழக்கே உயரமாகவும் மேற்கே வர வரத் தாழ்ந்தும் போகிறது. 1461இல் எல்லாரும் ஒரே நாளில் கருவியைக் கீழே வைத்தார்கள் என்றால் மட்டம் சமமாக அல்லவா இருக்க வேண்டும்?

கல்தச்சு

இப்படி நீண்ட கட்டடத்தை எவரும் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக உயர்த்துவதில்லை. பீடம் இருக்கும் கிழக்கு முனை முதலில் பயன்பாட்டுக்கு வர வேண்டும். எனவே அடித்தளத்தைப் பெரும்பாலும் முழு நீளத்துக்கும் போட்டுவிட்டு, சுவரைக் கிழக்கிலிருந்து படி படியாக எழுப்புவார்கள். கிழக்கில் 20 வரிசை போயிருக்கும்போது மேற்கில் 3 வரிசை இருக்கும். நடுவில் வேலை நின்றால் அந்தப் படிக்கட்டு வடிவம் அப்படியே உறைந்துவிடும்.

இதனால் ஒரு கட்டாயம் வருகிறது. நிறுத்திய படிகளின் மேல் இருபது முப்பது வருடம் கழித்துப் புதுக் கல்லைச் சேர்க்கும்போது பழைய பகுதி ஏற்கெனவே அமர்ந்து முடிந்திருக்கும், புதிய பகுதி இனிமேல்தான் அமரும். சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகுவது. தடித்த சுவரின் உள்ளே அது பல வருடம் இளக்கமாகவே இருக்கும். இணைப்பில் விரிசல் வராமலிருக்கப் பழைய கல்வரிசையின் உயரத்தையே புதியவனும் பின்பற்ற வேண்டும், பல் மாற்றிக் கோக்க வேண்டும். புதிய குவாரியில் கற்படுகையின் தடிமன் வேறாக இருந்தால் வரிசை உயரம் ஒத்துவராது. அந்த இடத்தில்தான் மெல்லிய சமன்வரிசை ஒன்று தென்படும். நிறம் மங்கிப்போன இடங்களில்கூட இந்த மெல்லிய வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

பழுதுபார்ப்பில் செய்யும் பெரிய தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மக்னீசியச் சுண்ணாம்புக்கல் நிலக்கரிப் புகையின் அமிலத்தோடு சேர்ந்தால் மக்னீசியம் சல்பேட் உண்டாகும். அது தண்ணீரில் கரைந்து உள்ளே ஊடுருவி, காயும்போது படிகமாகி, மேற்தோலைக் கொப்பளமாகத் தூக்கிவிடும். லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் இதே வகைக் கல்லில் கட்டப்பட்டு வெகு சீக்கிரம் உதிரத் தொடங்கியது. இப்படிப்பட்ட சுவரில் சிமெண்ட் வைத்து இணைப்பு பூசினால் நிலைமை மோசமாகும். ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும்; உப்பு கல்லிலேயே படியும்; பத்து இருபது வருடத்தில் கல் குழிந்து சிமெண்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கெட்டுப்போக வேண்டியது சாந்து, அதை மாற்றலாம். கல்லை மாற்றினால் நாம் இங்கே பேசும் சான்றே போய்விடும்.

கமான்

கூரைக் கேள்விக்கு நான் வருகிறேன்.

பலர் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து, அந்தக் கல்விசிறிதான் மழையைத் தாங்கும் கூரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மேலே ஓக் மரச் சட்டகம், அதன்மேல் ஈயத் தகடு. அதுதான் கூரை. கல் வளைவு அதற்குக் கீழே தனியாக நிற்கிறது. மரக்கூரையின் எடையில் ஒரு துளியும் வளைவின் மேல் இறங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆள் நடக்க இடம் உண்டு. பழங்கணக்கு சொன்ன 1485 கணக்கைக் கவனியுங்கள்: கிழக்கே ஐந்து அங்கணங்களுக்கு மரக்கூரை வந்துவிட்டது, வளைவு 1512இல்தான் தொடங்குகிறது. முதலில் குடை, பிறகு அதன் நிழலில் வளைவு. சாந்து இறுகும்வரை மழை படக்கூடாது என்பதால் இதுவே சரியான வரிசை.

1512 ஒப்பந்தம் ஜான் வாஸ்டெல் என்ற கல்தச்சருடன். அங்கணத்துக்கு 100 பவுன், 12 அங்கணம், கல் வெல்டன் குவாரியுடையது, மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும். முடித்தார். இவருக்கு அது புதிய வேலையன்று. கேன்டர்பரியின் பெல் ஹாரி கோபுரம் இவருடையது. பீட்டர்பரோ கதீட்ரலின் கிழக்கு நீட்சியில் உள்ள விசிறி வளைவையும் இவர் கைவேலை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே சிறிய அளவில் பழகிய கை இங்கே 40 அடி அகலத்துக்கு விரிந்திருக்கிறது.

வேலை நடந்த விதம் இது. சுவரை ஒட்டிய முதல் சில வரிசைகளுக்குச் சென்ட்ரிங் (கல்லைத் தற்காலிகமாகத் தாங்கும் சட்டம்) வேண்டாம். அவை கிடைமட்டப் படுகையில் சுவருக்குள் கோத்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்தள்ளி வரும். எங்கே கல் தன் எடையில் முன்னால் சரியத் தொடங்குமோ அங்கிருந்துதான் மரச் சென்ட்ரிங். தச்சுத் தளத்தில் முழு அளவில் கோடு கீறி, ஒவ்வொரு கல்லின் முகத்துக்கும் தகட்டு வடிவம் வெட்டி, கீழேயே செதுக்கி முடித்து மேலே ஏற்றுவார்கள். விசிறி வளைவில் ஒரு வசதி உண்டு: எல்லா விலாவும் ஒரே வளைவு. பழைய குறுக்குவிலா முறையில் மூலைவிட்ட விலாவுக்கு ஒரு வளைவு, குறுக்கு விலாவுக்கு இன்னொன்று என்று தனித்தனி வடிவத் தகடு வேண்டும். இங்கே ஒரே தகட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மூன்று வருடத்தில் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொல்லை எங்கே வருகிறது? அங்கணம் 24 அடி, அகலம் 40 அடி. முழு அரைவட்ட விசிறி இரு பக்கமும் விரிந்தால் பக்கத்து விசிறியோடு 12 அடியிலேயே மோதிவிடும். நடுவுக்கோ 20 அடி போக வேண்டும். வாஸ்டெல் விசிறிகளைப் பக்கவாட்டில் வெட்டி, அங்கணத்துக்கு அங்கணம் வலுவான குறுக்கு வளைவு ஒன்றைப் போட்டுப் பிரித்தார். நடுக்கோட்டில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள சாவிக்கற்கள். ஒன்று விட்டு ஒன்று ரோஜா, கோட்டைவாயிலின் தொங்கு கம்பிக்கதவு. முழு வளைவின் எடை 1,875 டன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் கல்லின் தடிமன் சில இடங்களில் 2 அங்குலம்தான், தடித்த இடத்தில் 6 அங்குலம்!

ஒற்றைத்தூண்

கமான் சார், இவ்வளவு எடை வெளிப்பக்கம் தள்ளுமே. சுவர் முழுக்க ஜன்னலாக இருக்கிறது. தள்ளுவிசை எங்கே போகிறது?

கமான்

நம் கோவில் மண்டபங்கள் தூண், உத்திரம், பாவுகல் முறையில் நிற்பவை. எடை நேராகக் கீழே இறங்கும், பக்கவாட்டுத் தள்ளல் கிடையாது. வளைவில் அது தவிர்க்க முடியாதது. இங்கே அதை வாங்குவது அங்கணத்துக்கு அங்கணம் வெளியே நீளும் ஆழமான முட்டுச்சுவர்கள். அவற்றின் இடைவெளியில் தாழ்வான பக்க அறைகளை அடைத்துவிட்டதால் வெளியிலிருந்து பார்க்கும்போது ஆழம் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஜன்னல் சுவர் வெறும் திரை. அதை முழுக்க எடுத்துவிட்டாலும் வளைவு நிற்கும்.

விசிறியின் அடிக்கூம்புக்குப் பின்னால், சுவர்ப்பக்கக் குழியில், கல்லும் சாந்தும் போட்டு நிரப்பியிருப்பார்கள். இது அலட்சியமாகக் கொட்டிய கழிவு என்று எண்ணிவிடக்கூடாது. தள்ளுவிசை மெல்லிய ஓட்டிலிருந்து விலகி முட்டுச்சுவருக்குப் போகும் பாதை அதுதான். முட்டுச்சுவர் உச்சியில் உள்ள கூர்முடிகளுக்கும் வேலை உண்டு: மேல்வரிசைக் கற்கள் வெளியே வழுக்காமல் அழுத்திப் பிடிக்கின்றன. கேம்பிரிட்ஜ் பொறியியல் பேராசிரியர் ஜாக் ஹேமன் இத்தகைய கல்வளைவுகளைக் கணக்கிட்டுக் காட்டியபோது வலியுறுத்தியது ஒன்றே: கல் நசுங்கி விழுவதில்லை, அதன் வலிமையில் சிறு பங்குகூடப் பயன்படுவதில்லை, வடிவம் கெட்டால்தான் ஆபத்து. சென்ட்ரிங்கை இறக்கியதும் முட்டுச்சுவர்கள் இம்மியளவு விலகும், வளைவின் நடுவில் மயிரிழை விரிசல் வரும். அதைக் கண்டு பதறி எபாக்சி ஊற்றி அடைத்தால், பருவத்துக்குப் பருவம் மூச்சுவிடும் கட்டடம் அடுத்த பலவீனமான இடத்தில் பிளந்துகொள்ளும். விரிசலின் குறுக்கே அளவுகோல் ஒட்டிப் பல வருடம் கவனிக்க வேண்டும். வளர்ந்தால் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும்.

ஒற்றைத்தூண்

நன்றி. ஆனால் ரெஜினால்ட் ஈலியே விசிறி வளைவைத்தான் நினைத்திருந்தார் என்று எழுதுகிறார்களே? குளோஸ்டரில் 14ஆம் நூற்றாண்டிலேயே விசிறி வளைவு இருந்தது. ஆக 1446இல் அது தெரியாத தொழில்நுட்பம் அல்லவே.

கல்தச்சு

தெரிந்திருந்தது உண்மை. ஆனால் குளோஸ்டரில் இருப்பது சுற்றுத் தாழ்வாரம், சிறிய அகலம். அதிலிருந்து 40 அடிக்குத் தாவுவது வேறு கதை. அதைவிட முக்கியம், இங்கேயே கிடைக்கும் சான்று.

கிழக்கு அங்கணங்களில் தூணோடு ஒட்டி மேலேறும் மெல்லிய தண்டுகளைப் பாருங்கள். வளைவு தொடங்கும் இடத்தில் எந்தத் தண்டு எந்த விலாவைத் தாங்கப்போகிறது என்பதை அதன் வெட்டுமுகமே சொல்ல வேண்டும். ஈலி காலத்துத் தண்டுகளின் எண்ணிக்கையும் வெட்டுமுகமும் குறுக்குவிலாக்கள் வலையாகப் பின்னிய லியர்ன் வகை வளைவுக்கு ஏற்றவை. மேலே வந்திருக்கும் விசிறி அவற்றின் மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது சான்று பக்க அறைகளில். வடகிழக்கில் முதலில் கட்டி முடித்த இரண்டு அறைகளின் மேல் லியர்ன் வளைவுதான். மற்றவை பிறகு வந்தவை, விசிறி. அதே கை, அதே காலம் பெரிய கூரைக்கு மட்டும் வேறு முறையை நினைத்திருக்கும் என்று கொள்ள ஆதாரம் இல்லை.

பழங்கணக்கு

இதே இடத்தில் அலங்காரக் கேள்விக்கும் விடை இருக்கிறது. 1448 விருப்ப ஆவணத்தில் ஆறாம் ஹென்றி, தன் கட்டடத்தில் மிகையான செதுக்கலும் நெரிசலான வரிவேலையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கிழக்குப் பாதி அதைக் கேட்டு நடந்திருக்கிறது. மேற்கு முன்கூடம் 1508க்குப் பிறகு எழுந்தது. ஏழாம் ஹென்றி போரில் அரியணையைப் பிடித்தவர், தன் குலத்தின் உரிமையைக் கல்லில் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அதனால்தான் டியூடர் ரோஜா, தாயாரின் போஃபோர்ட் குலச் சின்னமான தொங்கு கம்பிக்கதவு, டிராகன், வேட்டைநாய் என்று சுவரை நிரப்பினார்கள். தாய்க்கும் மகனுக்கும் உரிய சின்னங்களே சாவிக்கற்களில் மாறி மாறி வருகின்றன என்பதையும் கமான் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். நிறுவனரின் எளிமை, பணம் கொடுத்தவரின் பெருமை இரண்டும் ஒரே கூரையின் கீழ். என் மனம் எப்போதும் கிழக்குப் பாதியோடுதான்.

ஒளிச்சட்டம்

கண்ணாடியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கல்வேலை முடிந்த 1515இல் தொடங்கி 1531 வரை கண்ணாடி வேலை நடந்தது. மொத்தம் 26 பெரிய ஜன்னல்கள்: பக்கத்துக்கு 12, கிழக்கே 1, மேற்கே 1. அரசரின் கண்ணாடிக் கலைஞர் பார்னர்ட் ஃபிளவர் நாலு ஜன்னல்களை மட்டும் முடித்த நிலையில் 1517இல் இறந்தார். 1526இல் இரண்டு குழுக்களோடு ஒப்பந்தம்: கேலியன் ஹோன் முதலிய நால்வருக்கு 18 ஜன்னல், மற்ற இருவருக்கு 4. கூலி சதுர அடிக்கு 16 பென்ஸ். பெரும்பாலோர் தாழ்நாடுகளிலிருந்து (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதி) வந்தவர்கள். வரைவில் ஆன்ட்வெர்ப்பின் டிர்க் வெல்லர்ட்டின் கை இருப்பதாகக் கருதப்படுகிறது. மேற்கு ஜன்னல் மட்டும் வெறும் கண்ணாடியாகவே கிடந்து 1879இல்தான் கிளேட்டன் அண்ட் பெல் நிறுவனத்தின் இறுதித் தீர்ப்புக் காட்சியைப் பெற்றது. எனவே மேற்கு ஜன்னலை வைத்து 16ஆம் நூற்றாண்டுக் கலையைப் பேசாதீர்கள்.

படிக்கும் முறை: வடமேற்கு மூலையில் மரியாளின் பிறப்பில் தொடங்கி, வடக்குச் சுவர் வழியே கிழக்கே போய், கிழக்கு ஜன்னலில் சிலுவைப்பாடு, பிறகு தெற்குச் சுவர் வழியே மேற்கே திரும்ப வேண்டும். பக்க ஜன்னல்களில் நடுப்பத்தி வசனச் சுருள் ஏந்திய தூதர் உருவங்களுக்கு. அதன் இருபுறமும் மேலே இரண்டு, கீழே இரண்டு காட்சிகள். பொதுவாகக் கீழே புதிய ஏற்பாட்டுச் சம்பவம், அதற்கு நேர் மேலே அதற்கு ஒப்பான பழைய ஏற்பாட்டுச் சம்பவம். யோனா மீன் வயிற்றிலிருந்து வருவது மேலே என்றால் உயிர்த்தெழுதல் கீழே.

தொழில்நுட்பம்: சிவப்பு முழுக் கண்ணாடியிலும் இருந்தால் இருண்டுவிடும் என்பதால் வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புப் படலம் போர்த்தியிருப்பார்கள். படலத்தைத் தேய்த்து எடுத்தால் ஒரே துண்டில் சிவப்பும் வெள்ளையும். மஞ்சளுக்கு வெள்ளிக் கலவையை வெளிப்புற முகத்தில் பூசிச் சூளையில் வைப்பார்கள். சூடு கூடினால் எலுமிச்சை மஞ்சள் ஆரஞ்சாகிவிடும். கோடும் நிழலும் உள்முகத்தில் பழுப்பு நிறப் பூச்சு. பழுதாவது இந்தப் பூச்சுதான். சூட்டில் சரியாக உருகி ஒட்டாத இடத்தில், உள்ளே மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் பனித்து வழியும்போது செதில் செதிலாகக் கழன்றுவிடும். ஆகவே அழுக்கென்று நினைத்து ஈரத்துணியால் துடைப்பது மன்னிக்க முடியாத தவறு.

1643இல், ஆலயங்களிலுள்ள படங்களை அழிக்க நாடாளுமன்றத் தரப்பின் ஆணை பெற்ற வில்லியம் டவ்சிங் இங்கே வந்து ஆயிரம் மூடநம்பிக்கைப் படங்களை அழிக்க வேண்டும் என்று பதிவு செய்தார். ஆனாலும் கண்ணாடி தப்பியது. ஏன் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. எதற்கும் உறுதியான ஆவணம் இல்லாதபோது கதையாகச் சொல்லிப் பரப்ப வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பழைய கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள்; மேற்கு ஜன்னலை மட்டும் அப்படியே விட்டார்கள்.

பழங்கணக்கு

சிற்றாலயத்தை இரண்டாகப் பிரிக்கும் ஓக் தடுப்பின் காலத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். எட்டாம் ஹென்றி, ஆன் போலின் இருவரின் முதலெழுத்துகளும் பின்னிய சின்னம் அதில் செதுக்கியிருக்கிறது. 1533இல் மணம், 1536 மேயில் அவருக்கு மரண தண்டனை. அதற்குப் பிறகு அந்த எழுத்தைச் செதுக்க யாருக்கும் துணிவு வந்திருக்காது. அதனால் 1532–36 என்று போடுகிறார்கள். பாடகர் இருக்கைகளின் மேல்விதானம் 1670களைச் சேர்ந்தது, பாடகர் பகுதியின் கறுப்பு வெள்ளைப் பளிங்குத் தரை 1702. இவற்றையெல்லாம் சேர்த்து ‘டியூடர் உள்ளமைப்பு’ என்று எழுதும் பக்கங்களை நம்பாதீர்கள்.

நாற்புறமுற்றம்

கிப்ஸ் கட்டடக் கேள்வி எஞ்சியிருக்கிறது. அதைத் தனிக்கட்டடமாகப் பார்த்தால் புரியாது. 1448 திட்டத்தில் சிற்றாலயம் ஒரு பெரிய முற்றத்தின் வடபக்கம் மட்டுமே. மற்ற மூன்று பக்கமும் மாணவர் அறைகள், உணவுக்கூடம், நூலகம். சிற்றாலயத்துக்கு மேற்கே தாழ்வாரமும் மணிக்கோபுரமும். இதில் வடபக்கத்தைத் தவிர எதுவும் எழவில்லை. மாணவர்கள் முந்நூறு வருடத்துக்கும் மேலாகச் சிற்றாலயத்துக்கு வடக்கே இருந்த நெருக்கமான பழைய முற்றத்திலேயே இருந்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் வரைந்தார். மர மாதிரி வரை போய் நின்றது. பிறகு ஜேம்ஸ் கிப்ஸ், பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர், மூன்று தனித்தனிக் கட்டடங்கள் என்று திட்டம் கொடுத்தார். 1724இல் மேற்குப் பக்கத்துக்கு அடிக்கல். அது ஒன்றுதான் எழுந்தது, பணம் தீர்ந்தது. ஒட்டாமல் தனித்து நிற்பது மறதியால் அன்று, தீ பரவாமல் தடுக்க வேண்டுமென்றே விட்ட இடைவெளி. சிற்றாலயத்தின் கோதிக் பாணியை (கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டட முறை) பின்பற்றாமல் வெள்ளைப் போர்ட்லாந்து கல்லில் நேர்கோடும் நடுவில் பெரிய வளைவும் வைத்தார். அருகில் உள்ளதோடு போட்டியிடாத அந்த அடக்கம் சரியான முடிவு.

அடுத்த நூறு வருடத்தில் ரசனை மாறியது. 1820களில் வில்லியம் வில்கின்ஸ் தெற்கே உணவுக்கூடமும், தெருப்பக்கம் கல்திரையும் வாயிலும் கட்டினார், முழுக் கோதிக்கில். தெருவிலிருந்து பார்க்கும் பலர் வாயிலையும் சிற்றாலயத்தையும் ஒரே காலமாக நினைக்கிறார்கள். நடுவில் முந்நூறு வருடம். கிப்ஸ் கட்டடத்துக்கும் கோதிக் போர்வை போட்டுவிடும் திட்டம் வில்கின்ஸின் வரைவில் இருந்தது. நல்லவேளை, நடக்கவில்லை.

வடக்குவாசல்

அப்படியானால் பழைய முற்றம் இப்போது எங்கே? இன்னொன்று: கிழக்கு முனையில் தரை ஏன் படியே இல்லாமல் தட்டையாக இருக்கிறது? 1448இன் ஆவணப்படி பீடம் உயர்ந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒளிச்சட்டம்

தரை 1960களின் மாற்றம். ரூபென்ஸ் 1634இல் லூவெய்ன் கன்னிமடத்துக்காக வரைந்த ‘ஞானியரின் வணக்கம்’ ஓவியம் 1961இல் கல்லூரிக்கு நன்கொடையாக வந்தது. அதைப் பீடத்துக்குப் பின்னால் வைத்தால் கிழக்கு ஜன்னலின் அடிப்பகுதியை மறைக்கும். ஆகவே படிகளை எடுத்துத் தரையைத் தாழ்த்தினார்கள், 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வைத்த மரப்பலகைச் சுவரையும் அகற்றினார்கள். 1968இல் வேலை முடிந்தது. ஓவியம் சிறந்ததுதான், ஆனால் கிழக்கு முனை எழும்பி நின்ற அமைப்பை அதற்காகக் கொடுத்திருக்கக்கூடாது என்பதே என் கருத்து. ஓவியத்துக்கு வேறு இடம் கிடைக்கும், தரைமட்டத்துக்கு வேறு இடம் கிடையாது.

கமான்

அதோடு ஒப்பிட்டால் கூரையில் 2023இல் நடந்த வேலை எனக்கு உறுத்தவில்லை. தேய்ந்த ஈயத் தகட்டை மாற்றும் வேலையோடு சேர்த்து 438 சூரியத் தகடுகள் பதித்தார்கள். பாரம்பரிய அமைப்புகளின் எதிர்ப்பு இருந்தது. ஆனால் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் இருப்பதால் கீழிருந்து பெரிதாகத் தெரியாது. நாளை கழற்றினால் கல்லுக்குச் சேதமில்லை. ஈயத்தை எப்படியும் மாற்றியாக வேண்டும்: வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கி, சரிவில் மெல்ல இறங்கி, ஆணி இடத்தில் கிழியும். தகடு பெரிதாக இருந்தால் சீக்கிரம் கிழியும் என்பதால் சிறு துண்டுகளாக்கி மடிப்பு இணைப்பு வைப்பார்கள். பழைய ஈயத்தை உருக்கி மறுபடி வார்க்கலாம், வீணாவதில்லை.

நாற்புறமுற்றம்

பழைய முற்றத்தைக் கல்லூரி 1829இல் பல்கலைக்கழகத்துக்கு விற்றது. பெரும்பகுதி இடிபட்டது. ஆனால் 1441இல் தொடங்கிய நுழைவாயில் தப்பியது. அதுவும் பாதியில் நின்ற வேலைதான். 1890ஐ ஒட்டி ஜே. எல். பியர்சன் மேல்பகுதியைச் சேர்த்து முடித்தார். சிற்றாலயத்துக்கு வடக்கே, கிளேர் கல்லூரிக்கு எதிரில், ‘ஓல்டு ஸ்கூல்ஸ்’ வளாகத்தின் மேற்கு வாயிலாக இருக்கிறது. கீழ்ப்பாதியின் 15ஆம் நூற்றாண்டுக் கல்லுக்கும் மேலே பியர்சன் வைத்த கல்லுக்கும் இடையே உள்ள எல்லையைக் கல்தச்சு ஐயா சொன்ன முறையிலேயே தேடிப் பாருங்கள். சிற்றாலயத்தைவிட ஐந்து வருடம் மூத்த வேலை அது, சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம்.